சித்திரசாலையில் மிளகாய் கடித்தவள்

நாச்சக்கா போய்விட்டாள் என்ற சேதி வந்தபோது நான் சோமனூர்ச் சந்தையில் ஒரு காளைக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊஞ்சப்பாளையத்திலிருந்து வந்த ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ஏனுங்க மாமா, மிளகாய்க்காட்டு அம்மிணி காத்தால தவறிப்போச்சுங்க" என்றான். பிடித்திருந்த காளையின் வாயை விட்டுவிட்டேன்.

"எப்படிப்பா?"

"கம்மங்கூழு குடிச்சாங்க, பச்சமிளகாய் ரண்டு கடிச்சாங்க, செவுத்துல சாஞ்சாங்க. அவ்வளவுதானுங்க."

"மிளகாயை மிச்சம் வெச்சாளா?"

"இல்லீங்க. ரண்டையும் தின்னு போட்டாங்க."

அப்படியானால் குறையில்லாமல்தான் போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கூட நின்ற தரகர்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் வைக்கவில்லை.

இதை அச்சுப் போட ஒப்புக்கொண்ட அச்சுக்கூடக்காரர், "நினைவஞ்சலி என்றால் கொஞ்சம் அழுகை வேண்டுமே" என்றார். நாச்சக்காவைப் பற்றி அழுகை எழுதினால் அவள் எழுந்து வந்து என்னை உதைப்பாள். அவளைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள்; நான் சொல்வது சரியா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு எழுதத் தெரியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்றாம் வகுப்பை நான் இரண்டு தடவை படித்தவன். கூட்டிப் பார்த்தால் ஆறாம் வகுப்பு. அந்தக் காலத்து ஆறாம் வகுப்புக்காரர் தாசில்தாரையே நிற்க வைத்துப் பேசுவார்.

நாச்சாத்தாள் என் பெரியம்மா மகள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். எங்கள் பெரியப்பா கல்யாணத்தின்போது அவளுக்கென்றே எழுதிக் கொடுத்த காடுதான் ஊஞ்சப்பாளையத்து மிளகாய்க்காடு. புகுந்த வீட்டுக்கு அதில் ஒரு சாண் கூடக் கிடையாது. மச்சான் நல்ல மனுஷர். வண்டி ஓட்டுவார், ஏற்றம் இறைப்பார், வியாபாரி வந்தால் மட்டும் மாட்டைக் குளிப்பாட்டப் போய்விடுவார். விலை பேசுவது அக்காதான். அவளுக்குக் குழந்தை இல்லை. அவள் தங்கை செல்லாத்தாள் சின்ன வயதில் தாலி இழந்து வந்ததிலிருந்து இருவரும் சேர்ந்தே அந்தக் காட்டைப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வரமிளகாய் விலை பேசுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. களத்தில் குவித்த குவியலிலிருந்து ஒரு மிளகாயை எடுத்துக் காட்டுக்காரர் முதலில் கடிக்க வேண்டும். நான் விற்பதை நானே தின்பேன் என்று அதற்கு அர்த்தம். அடுத்து வியாபாரி கடிக்க வேண்டும். கூலிக்கு வந்தவர் கடிக்கக் கூடாது, குத்தகைக்காரரும் கடிக்கக் கூடாது. காடு யாருடையதோ அவர் பல்தான் பட வேண்டும். நாச்சக்கா மிளகாயைக் காம்போடு கடித்து, வாயைப் பாதி திறந்து, இமை கொட்டாமல் வியாபாரியைப் பார்ப்பாள். தண்ணீர் கேட்க மாட்டாள். "கண்ணு கலங்குனா வெலை எறங்கிப்போகும்" என்பாள். திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று எத்தனையோ ஊர் வியாபாரிகள் அந்தக் களத்தில் மூக்கைச் சிந்தியிருக்கிறார்கள். ஒருவர் மயங்கியே விழுந்தார். மயக்கம் வெயிலால் என்று அவர் சொன்னார். மாசி மாதத்தில் என்ன வெயில்?

அப்படி அவள் ஒரு நாள் கடித்துக்கொண்டு நின்றபோதுதான் பட்டணத்திலிருந்து வந்த சித்திரக்காரர் ஒருவர் அவளைப் பார்த்தார். அவிநாசி ரோட்டுப் பக்கம் சத்திரத்தில் தங்கி, மரம் மட்டை எல்லாவற்றையும் படமாக எழுதிக்கொண்டிருந்த மனுஷர். ஒரு வாரம் களத்துக்கு வந்தார், மூன்று வேளையும் அக்கா கையால் சாப்பிட்டார், மூன்று வேளையும் அழுதார், அவளைச் சிவப்புச் சேலையோடு எழுதி எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மச்சானும் போனார். அக்கா வெள்ளைச் சேலைக்கு வந்தாள். படத்தை எல்லோரும் மறந்துவிட்டோம்.

மறக்காமல் இருந்தவர் மச்சானின் தம்பி. அக்காவுக்குக் கொழுந்தனார். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அச்சில் பார்த்துச் சந்தோஷப்படுவார். கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளி தம் பங்களா மாடியைச் சித்திரசாலையாக்கி, ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் பார்க்கலாம் என்று திறந்துவிட்டிருந்தார். கொழுந்தனார் கரும்புச் சர்க்கரை விற்கப் போன இடத்தில் அங்கே நுழைந்திருக்கிறார். திரும்பி வந்து, கிணற்றுத் தண்ணீருக்கு முறை பேசக் கூடியிருந்த ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"அண்ணிய டவுனு பங்களாவுல மாட்டி வெச்சிருக்காங்க. அடியில என்ன எழுதியிருக்குது தெரியுங்களா? கூலிப் பெண்ணாமா! எங்கூட்டுக் காட்டுல அண்ணி கூலிக்குத்தான் நின்னாங்கன்னு பங்களாக்காரனுக்கே தெரிஞ்சிருக்குது. நாளைக்குக் காடு ஆருதுன்னு பேச்சு வந்தா அந்தப் படம் பேசும்."

ஊர் சிரித்தது. சிரித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அக்கா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு சேவலைப் பிடித்தாள்.

"தம்பி, ஞாயித்துக்கெழமை கோயமுத்தூரு போறோம். உனக்கு இங்கிலீசு தெரியுமல்லோ?"

"பேஷாத் தெரியும்."

"செரி. பேசாம வா."

அவள் கட்டிய சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். பெரிய பித்தளைத் தூக்குப் போசி இரண்டு. ஒன்றில் அரிசியும் பருப்பும் போட்ட சாதம். மற்றதில் சேவல் வறுவல்: சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, கடலையெண்ணெய், மீதியெல்லாம் வரமிளகாய். கறி எங்கே இருக்கிறது என்று தேடித்தான் எடுக்க வேண்டும். சோமனூரில் ரயில் எங்களுக்காக நின்றது. அது தினமும் அங்கே நிற்கும் என்று சொல்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. வண்டிப் பெட்டியில் போசியின் மூடி கொஞ்சம் நகர்ந்ததும் எதிரே இருந்த ஒரு குடும்பம் முழுதும் தும்மியது. "ஏனம்மிணி, இது கறியா, வெடிமருந்தா?" என்று ஒரு கிழவர் கேட்டார். "ரண்டுமுங்க" என்றாள் அக்கா.

சித்திரசாலை பளிங்குத் தரை. ராஜாக்கள், யானைகள், கப்பல்கள் எல்லாம் சுவரில் இருந்தன. ஆடையை மறந்துவிட்ட வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தியும் இருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவள் இடது கையில் ஒரு மாதுளம்பழம் வைத்திருந்தாள். கடைசிச் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில், நாச்சக்கா நின்றுகொண்டிருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், என் உடம்பு சிலிர்த்தது. சிவப்புச் சேலை, காதில் தோடு, பின்னால் மிளகாய்க் குவியல். வாய் பாதி திறந்து, பல்லில் மிளகாய், எதிரே நிற்பவரை விழுங்குகிற மாதிரி பார்வை. நான் ஓர் அடி பின்னால் போய்விட்டேன்.

"அடியில என்ன எழுதியிருக்குது?" என்று அக்கா கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மாற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தத் தைரியம் போய்விட்டது.

"கூலிப் பெண், மிளகாய்க் களம்."

அவள் போசிகளை இறக்கி வைத்துவிட்டு, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மேனேஜரிடம் போனாள். மெலிந்த மனுஷர், மூக்குக் கண்ணாடி, நல்ல பேச்சு. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

"ஏனுங்க சாமி, அந்தப் படத்துல இருக்கறது நானுங்க. கூலிக்குப் போறது கேவலமில்லீங்க, பஞ்சத்துல நானும் போயிருக்கறேன். ஆனா அந்தக் களம் என்னுதுங்க. பேரை மாத்தி எழுதிப்போடுங்க."

"அம்மா, அது ஒரு சித்திரம். யாரோ ஒரு பெண். பெயரெல்லாம் ராஜாக்களுக்குத்தான் போடுவது."

"ராஜா அவரு சீமையில நிக்கறாரு, அவரு பேரு போட்டிருக்கறீங்க. நான் என் காட்டுல நிக்கறேன். என் பேரு போடோணுமல்லோ?"

"எஜமான் ஊட்டியில் இருக்கிறார். வந்ததும் கேட்டுச் சொல்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்."

"வரட்டுமுங்க" என்று சொல்லி, படத்துக்கு அடியில் பளிங்குத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். இந்த இடத்தில் நான் மேனேஜரிடம் இங்கிலீஷில் நாலு வார்த்தை கேட்டேன். அவர் நடுங்கிப்போய்ச் சேவகனைக் கூப்பிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். சேவகன் வந்து எழுந்திருக்கச் சொன்னான். மேனேஜர் வந்து எழுந்திருக்கச் சொன்னார். நானே கூட, "அக்கா, அடுத்த வாரம் வரலாமே" என்றேன். "உனக்கு அவசரமுன்னா ரயிலேறு" என்றாள். வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், கீழே பார்ப்பார்கள், மறுபடி படத்தைப் பார்ப்பார்கள். உச்சி வேளைக்குள் ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள். சரி, முப்பது பேர். அந்த மாடிக்கு முப்பது பேர் ஆயிரத்துக்குச் சமம்.

பசி வந்ததும் அவள் போசியைத் திறந்தாள். மாடி முழுதும் நெடி ஏறியது. சேவகன் தும்மிக்கொண்டே ஜன்னலைத் திறக்க ஓடினான்.

"இங்கே சாப்பிடக் கூடாது!" என்று மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இதைய எழுதினவரு என் களத்துல உக்காந்து மூணு வேளையும் தின்னாருங்க. அவரு தின்னதுனாலதான் இந்தப் படமே. நான் இதுக்கு முன்னால உக்காந்து திங்கக் கூடாதுங்களா?"

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். அங்கே கோட்டைமேட்டுக் காதர் பாய் என்று ஒருவர் ஏணி போட்டு வாசல் நிலைக்கு மேல் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். படங்களுக்கு அடியில் இருந்த பெயர்ப் பலகைகள் எல்லாம் அவர் கைதான். வாசனை பிடித்து இறங்கி வந்துவிட்டார்.

"ஏனம்மா, கோழி ஆரு அறுத்தது?"

"எங்கூரு ராவுத்தருதானுங்க. எங்கூட்டுல எப்பவுமே அவருதான். உக்காருங்க."

பாய் ஒரு வாய் எடுத்துப் போட்டார். கண் இரண்டும் நிரம்பின. அடுத்த வாயும் எடுத்தார். "யா அல்லா" என்றார். நிறுத்தவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டே மேனேஜரைப் பார்த்து, "சார், அந்தப் பலகைய நான்தான் எழுதினேன். நீங்க சொன்னதைத்தான் எழுதினேன். இப்ப இந்தம்மா முன்னால உக்காந்து திங்கறதுக்கே எனக்குக் கூச்சமா இருக்குதுங்க" என்றார்.

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "படத்தில் இருப்பவள் சிவப்புச் சேலை, தோடு. இவர் வெள்ளைச் சேலை, காது மூளி. அது இவர்தான் என்பதற்கு என்ன சாட்சி?" என்றார்.

அக்கா எழுந்தாள். வறுவலிலிருந்து ஒரு முழு வரமிளகாயை எடுத்தாள். படத்துக்குப் பக்கத்தில் சுவரோடு நின்றாள். காம்போடு கடித்தாள். வாய் பாதி திறந்தது, இமை நின்றுவிட்டது, பார்வை நேரே மேனேஜர் மேல் விழுந்தது. சேலை வேறு, காது வேறு, தலையில் பாதி நரை. முகம் மட்டும் அதே முகம். ஒரு குழந்தை, "அம்மா, ரெண்டு பேரு!" என்று கத்தியது. அதற்கு மேல் சாட்சி எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்?

அவள் அதோடு விடவில்லை. இன்னொரு மிளகாயை எடுத்து மேனேஜரிடம் நீட்டினாள்.

"எங்க பக்கத்துல காட்டுக்காரிதான் மொதல்ல கடிப்பாங்க. படத்துல நான் அதைத்தான் பண்ணிக்கிட்டு நிக்கறேன். இப்ப நான் கடிச்சாச்சு. இல்லேங்கறவரு கடிக்கோணும். கண்ணு கலங்காட்டி, உங்க எழுத்து அப்படியே இருக்கட்டும். நான் போசிய எடுத்துட்டுப் போயிடறேன்."

மேனேஜர் நிமிர்ந்து நின்றுவிட்டால் அவள் சொன்ன சொல்லை மீற மாட்டாள். ஊருக்குப் போய்க் கூலிக்காரியாகவே தலை குனிய வேண்டும், நாளைக்குக் காடும் பேச்சுக்கு வரும்.

"கடிங்க சார்!" என்றது கூட்டம். "பயமாங்க சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் மானஸ்தர். வாங்கினார், கடித்தார். ஒரு கணம் ஒன்றும் ஆகவில்லை. நான் போசியை மூடப் போனேன். பிறகு கண்ணாடிக்குள் வெள்ளம். விக்கல். சேவகன் தண்ணீருக்கு ஓடினான். பாய் அவர் முதுகைத் தட்டினார். பேச்சு வந்ததும் மேனேஜர் சொன்ன முதல் வார்த்தைக்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்: "எழுதிவிடுங்கள் பாய். எஜமானிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்."

பாய் பிரஷைத் துடைத்துக்கொண்டு வந்தார். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பெயர், ஊர் சொல்லுங்கள். முறைப்படி இன்னார் மனைவி என்று போட வேண்டும். புருஷன் பெயர்?" என்றார்.

எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கென்ன தடை? நான் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"அவரு பேரை நானும் சொல்ல மாட்டேன், இவனும் சொல்லக் கூடாது. அவரு நல்லவருங்க. ஆனா அன்னிக்கு அவரு மாடு குளிப்பாட்டப் போயிட்டாரு. படத்துல இல்லாதவருக்கு எதுக்குங்க எழுத்து?"

பாய் சிரித்துவிட்டார். மேனேஜரும் விக்கலுக்கு நடுவே சிரித்தார். பழைய எழுத்தின் மேல் கறுப்பு மை பூசி, காய்ந்ததும் வெள்ளையில் எழுதினார்கள்: ஊஞ்சப்பாளையம் நாச்சாத்தாள், தன் களத்தில்.

அக்கா என்னை அதைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னாள். "தன் களத்துல எது?" என்று கேட்டாள். விரலால் காட்டினேன். அவள் கை எழுத்தின் பக்கம் போயிற்று. "ஈரமுங்கம்மா" என்றார் பாய். அவள் கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள், எழுத்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதைப் போல.

திரும்பும் வழியில் ஸ்டேஷன் பக்கம் ஒரு மிலிட்டரி ஹோட்டல். பெண்கள் உள்ளே உட்காருவதில்லை. ஆண் யாராவது வாங்கி வருவதுதான் வழக்கம். அவள் நேரே போய் பெஞ்சில் உட்கார்ந்து, "ஈரல் வறுவல் கொண்டா கண்ணு" என்றாள். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அவள் அதற்குள் தின்னத் தொடங்கிவிட்டாள். இரண்டு வாய் தின்றுவிட்டு, "ஏனுங்க, இது புள்ளைத்தாச்சிக்கு வெச்சதுங்களா? காரத்தையே காணம்?" என்று கேட்டாள். அந்த முதலாளி அடுத்த வருஷத்திலிருந்து அவள் காட்டு மிளகாயைத்தான் வாங்கினார். இதில் நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

கொழுந்தனார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கோயமுத்தூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவள் உயிரோடு இருந்த மட்டும் காட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அக்கா அதே ஊர்க் கூட்டத்தில் எழுந்து, தனக்குப் பிறகு அந்தக் காடு தங்கை செல்லாத்தாளுக்கு என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். கேட்டவர்களில் நானும் ஒருவன். நீங்களும்தான்.

அவள் போன மூன்றாம் நாள், சாம்பல் கூட ஆறவில்லை, கொழுந்தனார் செல்லாத்தாளிடம் வந்து, "அண்ணி போயாச்சு, இனிக் காடு எங்கூட்டுதுதானே?" என்றார். செல்லாத்தாள் எனக்கு ஆள் விட்டாள்.

நாச்சக்காவிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று அச்சுக்கூடக்காரர் கேட்டார். காட்டில் எனக்குப் பங்கு கிடையாது, கேட்கவும் மாட்டேன். அவள் மாதிரி மிளகாய் கடிக்க எனக்கு வராது. இதை எங்கே வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வேன். வாழ்க்கை முழுதும் நான் வாயால் ஜெயித்து, காலால் ஓடியவன். அவளிடமிருந்து எனக்கு மிச்சம் ஒன்றே ஒன்று: எழுந்திரு என்று சொன்னால் எழுந்திருக்காமல் இருப்பது. நேற்றுக் காலை கொழுந்தனார் நாலு ஆட்களோடு காட்டை அளக்க வந்தார். வரப்பில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தேன். "மாமா, எந்திரிங்க, கயிறு போடோணும்" என்றார். "போடுங்க மாப்பிள்ளை, என் மேலயே போட்டு அளங்க" என்றேன். சாயங்காலம் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் வருவார்கள். செல்லாத்தாள் காலைச் சாப்பாட்டை வரப்புக்கே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். இதை நான் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.